மனபாரம் இறக்க கால் பக்கம் தாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கினாலே கடலூர்க்காரர்களுக்கு வயிற்றில் புளி கரைக்கும். 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம் எல்லாம் பார்த்த ஊர் இது. அதற்கு மேல் வீட்டுக் கடன், பிள்ளைகள் படிப்பு, மாமியாரின் சர்க்கரை. தூக்கமில்லாமல் புரண்ட எனக்குப் பக்கத்து வீட்டு அக்கா, ஓய்வுபெற்ற செவிலியர், நாலு எண்ணும்வரை மூச்சை இழுத்து ஆறு எண்ணும்வரை மெதுவாக விடக் கற்றுக்கொடுத்தார். மூச்சை நீட்டி விட்டால் இதயத் துடிப்பு தணியுமாம். முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை, பிறகுதான் பிடிபட்டது.

இப்போது ஐந்து பெண்கள் சனிக்கிழமை மாலை தேவனாம்பட்டினம் வெள்ளி கடற்கரையில் கூடுகிறோம். சுண்டல் வாங்கிக்கொண்டு, அந்த வாரம் எது தாங்க முடியவில்லை, எது கைகொடுத்தது என்று பேசுவோம். ஒருவர் கவலைகளைத் தாளில் எழுதிவைத்துவிட்டுத்தான் படுக்கிறார். இன்னொருவர் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு அழைத்தார். கட்டணமில்லை, தமிழிலேயே பேசுகிறார்கள். அப்படியொரு எண் இருப்பதே மற்ற நால்வருக்கும் தெரியாது!

தங்கள் நாளிதழில் வாரம் ஒருநாள் கால் பக்கமாவது வாசகர்கள் இப்படிப் பகிர இடம் ஒதுக்குங்கள். ஆண்களும் எழுத வேண்டும். எங்கள் வீட்டு ஆண்கள் இன்னும் வாய் திறக்கவில்லை.

- ஒரு வாசகி,
மஞ்சக்குப்பம், கடலூர்.