அறுபது பேருக்குச் சமைத்த பிள்ளைகள்

கோண்டாவில்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள தம்பி,

தொலைபேசியில் நீ கேட்டவற்றுக்கு அன்று சரியாகப் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் உன் சித்தப்பா இருந்தார். பட்டம் படித்த பிள்ளை லண்டன் குரொய்டனில் ஒரு விடுதிக்குக் காவல் இருக்கிறான் என்று கோயில் வீதி முழுவதும் சொல்லித் திரிகிறவர் அவர். அவர் காதில் விழும்படி உன் வேலையைப் பற்றிக் கதைக்க எனக்கு விருப்பமில்லை. அரச பராமரிப்பில் இருக்கும் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் தங்கும் வீட்டில் அவர்களுக்குத் துணையாக நிற்பதுதான் உன் வேலை. ஓய்வு பெறும்வரை நன்னடத்தை உத்தியோகத்தராக இங்கே இல்லப் பிள்ளைகளின் கோப்புகளைப் பார்த்தவளுக்கு அந்த வேலை என்னவென்று கொஞ்சம் தெரியும். ஆகவே எழுதுகிறேன்.

முதலில் சாப்பாட்டு விஷயம். பணிக்குப் போகும்போது சோறும் கோழிக்கறியும் கட்டிக்கொண்டுபோய் அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதாகச் சொன்னாய். வேண்டாம் என்று மேலாளர் தடுத்தாராம், உனக்குக் கோபமாம். நான் மேலாளர் பக்கம்.

இங்கே சிறுவர் இல்லங்களில் வளர்ந்த பெண்பிள்ளைகளை நீ அறியமாட்டாய். பதினைந்து வயதில் அறுபது பேருக்குப் பிட்டு அவிப்பார்கள். ஒரு சாக்கு வெங்காயத்தைக் கதையோடு கதையாக உரித்து முடிப்பார்கள். அதே பிள்ளை பதினெட்டு வயதில் வெளியே வந்து ஓர் அறை எடுத்தால், ஒருத்திக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று தெரியாமல் நிற்பாள். எங்கள் திருநெல்வேலிச் சந்தையில் கால் கிலோ பருப்பை விலை கேட்டு வாங்கியிருக்கமாட்டாள். சாமான்கள் மூட்டையாக வந்து இறங்குவதைத்தான் பார்த்திருப்பாள். அவள் பெயரில் வங்கியில் கணக்கு இருக்கும், புத்தகம் இல்லத்து அலுமாரியில் பூட்டியிருக்கும். பணம் எடுக்கும் படிவத்தை எப்படி நிரப்புவது, கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திருப்பிவிட்டால் யாரிடம் போவது, ஒன்றும் தெரியாது. முதல் சம்பளத்தை ஒரு கிழமையில் முடித்துவிட்டு, மாதக் கடைசியில் பாணும் வெறுந்தேநீருமாக இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு யாரும் கெடுதல் செய்யவில்லை. எல்லாவற்றையும் செய்து கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

ஆகவே உன் வீட்டுப் பிள்ளைக்கு முட்டை பொரிக்கத் தெரியாவிட்டால் அவனே பொரிக்கட்டும், நீ பக்கத்தில் நில். கருகட்டும். புகைக்கு அடிக்கும் மணி அடிக்கட்டும்; அதை நிறுத்துவது எப்படி என்பதையும் அன்றைக்கே படித்துவிடுவான். வாரப் பணத்தைப் பாதி வாரத்தில் முடித்துவிட்டு வந்து நின்றால் உன் சட்டைப்பையில் இருந்து ஐந்து பவுண் எடுத்து நீட்டாதே. பட்டினி போடு என்று நான் சொல்லவில்லை. குசினியில் அவசரத்துக்கு என்று இருப்பதைக் கொடு. பிறகு அவனோடு உட்கார்ந்து மிச்ச நாட்களுக்குக் கணக்குப் போடு. கடன் கொடுத்தவரிடம் பிள்ளைகள் உண்மையைச் சொல்வது குறைந்துவிடும்.

அந்த எரித்திரியப் பிள்ளையின் பெயரை நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அப்படியே இருக்கட்டும். சில நாட்களில் அவன் இறைச்சியையும் பாலையும் தொடுவதில்லை என்றும், “உணவை மறுத்தான்” என்று யாரோ குறிப்பில் எழுதியிருக்கிறார்கள் என்றும் சொன்னாய். அவை எந்தக் கிழமைகள் என்று பார்த்தாயா? எரித்திரியாவின் ஓர்த்தடொக்ஸ் கிறிஸ்தவர்களுக்குப் புதனும் வெள்ளியும் விரதம். இறைச்சி, முட்டை, பால் எதுவும் ஆகாது. வெள்ளிக்கிழமை மச்சம் ஏறாத வீட்டில் வளர்ந்தவனுக்கு இது தோன்றவில்லையே! அவனிடமே கேள். அதுதான் காரணம் என்றால், அந்த வரிக்குக் கீழே திகதி போட்டு எழுதிவை.

குறிப்பு எழுதுவதை அலுப்பு வேலை என்றாய். நானும் அப்படிச் சலித்திருக்கிறேன். ஆனால் இங்கிலாந்தில் அரச பராமரிப்பில் வளர்ந்தவர்கள் பெரியவர்களானதும் தங்கள் கோப்பைக் கேட்டு வாங்கி வாசிக்கலாம். முப்பது வயதில் ஒருவன் உன் கையெழுத்தை வாசிக்கப்போகிறான் என்று நினைத்துக்கொண்டு எழுது. இங்கே நீதிமன்றத்துக்குப் போகும் அறிக்கைகளில் “கட்டுக்கடங்காதவள்” என்று என்றோ யாரோ எழுதிய ஒரு வரி, பிள்ளை புதிய இல்லத்துக்குப் போவதற்கு முன்னரே அங்கே போய் உட்கார்ந்திருக்கும். கண்டதை எழுது: எத்தனை மணிக்கு வந்தான், என்ன சொன்னான், சாப்பிட்டானா. கோபக்காரன், சோம்பேறி என்ற தீர்ப்பெல்லாம் வேண்டாம்.

“யாருக்கும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் பண்ணுங்கள், அப்போதுதான் சொல்வேன்” என்று ஒருவன் வருவான். பண்ணாதே. அவன் வாய் திறப்பதற்கு முன்னரே சொல்லிவிடு: ஆபத்தான விஷயம் என்றால் சொல்லவேண்டியவர்களிடம் சொல்வேன், ஆனால் யாரிடம் சொல்கிறேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன். சிலர் எழுந்து போய்விடுவார்கள். பெரும்பாலும் திரும்பி வருவார்கள். அதுவும் நீ பாத்திரம் கழுவிக்கொண்டு நிற்கும்போது, முகத்தைப் பார்க்காமல் கதைக்கக்கூடிய நேரம் பார்த்து வருவார்கள். அந்த வீட்டில் பாத்திரம் கழுவும் இயந்திரம் இருந்தால் அதை அதிகம் நம்பாதே.

நீ அனுப்பிய இங்கிலாந்துச் சட்ட விவரங்களையும் வாசித்தேன். 16 வயதுக்குக் குறைந்தவர்களைக் அரச ஒழுங்குவிதிகளுக்கு உட்படாத வீடுகளில் வைப்பதை 2021 செப்டெம்பரில்தான் தடுத்திருக்கிறார்கள். 16, 17 வயதுக்காரரை வைத்திருக்கும் உங்களைப்போன்ற வீடுகள் ஒப்ஸ்ரெட் என்ற அரச ஆய்வு அமைப்பிடம் பதிவுசெய்யவேண்டும் என்பது 2023 ஒக்டோபர் 28 இல் இருந்துதான்; அப்போது நடந்துகொண்டிருந்த வீடுகள் குறைந்தது விண்ணப்பித்தாவது இருக்கவேண்டியிருந்தது. இங்கே அநாதை இல்லங்களைப் பதிவுசெய்யும் கட்டளைச் சட்டம் 1941 இல் வந்தது. (சட்டம் வந்ததும் எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று நினைத்துவிடாதே. அது வேறு கதை.) எனக்குப் பிடிக்காதது ஒன்று: பராமரிப்பு வேறு, ஆதரவு வேறு, இந்த வீடுகளில் ஆதரவு மட்டுந்தான் என்கிறார்கள். பதினாறு வயதில் அதற்குத் தயாராக இருக்கும் பிள்ளையும் உண்டு. இரவில் விளக்கை அணைக்கப் பயப்படும் பிள்ளையும் உண்டு. செலவு குறைவு என்பதற்காக இரண்டாமவனையும் உங்களிடம் அனுப்பிவிடுவார்களோ என்று எனக்குச் சந்தேகம். அப்படி ஒருவன் இருந்தால் “சமாளிக்கிறான்” என்று எழுதிவிடாதே. இந்த வீடு அவனுக்குப் போதாது என்று மேலாளருக்கும் அவனுடைய சமூகப் பணியாளருக்கும் எழுத்தில் கொடு. எழுத்தில் இல்லாதது நடக்காத ஒன்றாகிவிடும்.

ஆனாலும் எனக்குப் பொறாமைதான். இங்கே பதினெட்டு ஆனால் பெட்டியோடு படலை வரை கொண்டுபோய் விடுவோம். வேலை கிடைக்கும்வரை, கலியாணம் ஆகும்வரை பிள்ளைகளை வைத்திருந்த இல்லங்களும் உண்டு. அது நடத்தியவரின் மனம். பிள்ளை அதை உரிமையாகக் கேட்கமுடியாது. இல்லத்துக்கும் ஊருக்கும் நடுவே, தனியறையும் சொந்தத் திறப்பும் பக்கத்தில் ஒரு பெரிய ஆளும் இருக்கிற ஒரு வீடு இருந்திருந்தால், நான் கோப்பு மூடிய பிள்ளைகளில் எத்தனையோ பேர் வேறு மாதிரி வாழ்ந்திருப்பார்கள். அங்கே 25 வயது வரை தனிப்பட்ட ஆலோசகர் ஒருவரைக் கேட்கலாம் என்று 2017 ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறதே, அதை உன் பிள்ளைகளுக்கு யாராவது விளங்கப்படுத்தினார்களா? தாளில் கொடுப்பது விளங்கப்படுத்துவது ஆகாது.

குரொய்டன் என்றாலே இங்கே பலருக்கும் அங்குள்ள குடிவரவு அலுவலகமான லூனார் ஹவுஸ்தான் நினைவு வரும். எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர் கையில் காகிதத்தோடு அந்த வாசலில் நின்றார்கள்! உன் வீட்டில் இருப்பவர்களும் அதே வரிசையில் நின்றிருப்பார்கள். பிறந்த நாள் தெரியாதவர்களுக்கு அங்கே ஜனவரி 1 என்று போட்டுவிடுவார்களாம். இடப்பெயர்வில் பிறப்புப் பத்திரம் தொலைந்த பிள்ளைகளுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்க நாங்களும் கச்சேரிக்கு அலைந்தோம், அதனால் அந்தத் திகதியின் பெறுமதி எனக்குத் தெரியும். ஜனவரி 1 அன்று கேக்கோடு போய் நிற்காதே. எந்த நாளைக் கொண்டாட விருப்பம் என்று முதலில் கேள். கொண்டாட விருப்பமே இல்லை என்றாலும் சரி.

உன் நித்திரையையும் பார். அந்த வீட்டில் படுத்திருக்கும் இரவுகளில், தூங்கும் நேரத்துக்குக் குறைந்தபட்சச் சம்பளம் கேட்கமுடியாது என்று 2021 மார்ச்சில் உங்கள் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டதாமே. எழும்பி வேலை செய்த நேரம் கணக்கில் வரும் என்பதால் அதை நிமிடத்தோடு குறித்துவை. விடிந்ததும் இன்னொருவரின் முறையையும் ஏற்றுக்கொள்ளாதே. நித்திரை இல்லாதவன் பிள்ளைகளோடு வாதாடத் தொடங்கிவிடுவான். வருகிறவர் ஒருவரிடம் ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் கொடுத்துவிட்டிருக்கிறேன். அவை உன் வீட்டுக்கு, வேலை செய்யும் வீட்டுக்கு இல்லை.

கடைசியாக ஒன்று, இதுதான் அவசரம். ஜனவரி 1 அன்று பதினெட்டு ஆகிற பிள்ளை ஒருவன் இருக்கிறான் என்றாய். அன்று அங்கே விடுமுறை, எந்தக் காரியாலயமும் திறக்காது. அதற்கு முதல் கிழமையும் நத்தார் என்று ஆட்கள் இருக்கமாட்டார்கள். அவன் எங்கே போகிறான், புதிய அறையின் திறப்பை யார் கொடுப்பார், அங்கே கட்டில் இருக்கிறதா, மின்சார மீற்றரில் பணம் போட்டிருக்கிறதா, முதல் இரவு அவன் யாரை அழைக்கலாம் என்பதெல்லாம் மார்கழி பிறக்குமுன் முடிவாகவேண்டும். இந்தக் கிழமையே மேலாளரிடம் கேள். கூட்டம் வைக்கிறோம் என்றால் திகதியைக் கேள். அந்தக் கூட்டத்தில் அவனையும் உட்காரவைக்கிறார்களா என்று பார்.

அன்புடன்,
அம்மா