ஊழியர் சம்பளத்தை எங்கள் டிப்ஸில் தேடாதீர்கள்

சொகுசுக் கப்பல் நிறுவனங்களின் தலைவர்களுக்கும் அவற்றின் பன்னாட்டுச் சங்கத்தின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் கப்பல்களில் பயணம் செய்து மனம் நிறைந்து இறங்கியவர்களில் ஒருத்தியாக இந்த மடலை எழுதுகிறேன். சொகுசுக் கப்பல் பயணமே கூடாது என்று சொல்பவள் அல்ல நான். நடக்க முடியாத என் அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் துறைமுகம் துறைமுகமாகக் காட்டி, ஒவ்வோர் இரவும் அதே கட்டிலில் படுக்க வைக்க முடிந்தது கப்பலில்தான். பெட்டியைத் திரும்பத் திரும்பக் கட்ட வேண்டியதில்லை. சாப்பாட்டுக்கு அலைய வேண்டியதில்லை. கண் விழித்தால் கடல். அந்த நிம்மதியைத் தந்தவர்களுக்கு உரிய கூலி போய்ச் சேரவில்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

என் கோரிக்கை ஒன்றே. கப்பலில் உழைக்கும் ஒவ்வொருவருக்கும் சேர வேண்டிய ஊதியம் முழுவதையும் டிக்கெட் விலையிலேயே எங்களிடம் வாங்கிக்கொள்ளுங்கள். அதை உறுதியான சம்பளமாக அவர்களுடைய ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுங்கள். டிப்ஸ் என்ற பெயரில் அவர்கள் பிழைப்பை எங்கள் தயவில் விடாதீர்கள்.

பயணம் முடிகிற நாளில் கப்பலின் தாழ்வாரத்தில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். காலையில் பழைய பயணிகள் இறங்குவார்கள்; நண்பகலுக்கெல்லாம் புதியவர்கள் ஏறத் தொடங்கிவிடுவார்கள். நடுவில் கிடைக்கும் சில மணி நேரத்தில் ஒரு கேபின் பணியாளர் தன் பொறுப்பில் உள்ள பதினைந்து, இருபது அறைகளையும், அங்கே யாருமே தங்கியதில்லை என்று தோன்றும்படி மாற்றியாக வேண்டும். எங்கள் அறையைக் கவனித்துக்கொண்டவரை அந்த வேலையின் நடுவில் பார்த்தேன். முழங்காலை முட்டுக்கொடுத்து மெத்தையைத் தூக்கி, விரிப்பின் மூலையை இரண்டு கைகளாலும் இழுத்துச் செருகிக்கொண்டிருந்தார். வலது மணிக்கட்டில் பட்டை கட்டியிருந்தார். முந்தைய இரவு குளியல் துண்டை மடித்து யானை செய்து, அம்மாவின் மூக்குக்கண்ணாடியை அதற்கு மாட்டிவிட்டு அம்மாவைச் சிரிக்க வைத்த கை அது. வாசலில் நின்று நன்றி சொன்னேன். நிமிர்ந்து சிரித்தார், கை நிற்கவில்லை. மாலையில் அதே அறைகளுக்கு அவர் இன்னொரு சுற்று வர வேண்டும். மறுநாளும் வேலை. ஒப்பந்தம் முடியும்வரை வார விடுமுறை என்று ஒரு நாள் கிடையாது.

அறை, சமையல், பரிமாறல் ஆகிய பிரிவுகளில் இருப்பவர்களுக்கு அந்த ஒப்பந்தம் பெரும்பாலும் ஆறு முதல் ஒன்பது மாதம் வரை. நாளொன்றுக்குப் பத்து மணி நேரம், சில நாள்களில் அதற்கு மேலும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2006இல் நிறைவேற்றிய கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அறை துடைப்பவரும் மேசையில் பரிமாறுபவரும்கூடக் கடலோடிகளே என்று ஏற்றுக்கொண்ட வகையில் அது நல்ல உடன்படிக்கை. ஆனால் அதுவே வாரத்துக்கு 72 மணி நேர வேலைக்கு இடம் கொடுக்கிறது. வாரத்துக்கு 48 மணி நேரமே இயல்பான வேலை, அதற்கு மேல் செய்தால் குறைந்தது ஒன்றேகால் மடங்கு ஊதியம் என்று அதன் வழிகாட்டுதல் பகுதி சொல்கிறது. வழிகாட்டுதல் என்பதால் அதைப் பின்பற்றியே தீர வேண்டிய கட்டாயம் இல்லை. தேர்ந்த மாலுமி ஒருவருக்கு அந்த அமைப்பின் வழியாக 2025ஆம் ஆண்டுக்குப் பரிந்துரைக்கப்பட்ட மாத அடிப்படை ஊதியம் 673 டாலர். பாத்திரம் கழுவுபவருக்கும் துணி துவைப்பவருக்கும் அந்த அளவுகோல்கூடக் கிடையாது.

டிப்ஸ் எல்லாம் சேர்த்து ஒருவருக்கு மாதம் 1,000 டாலர் கிடைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். வாரம் 70 மணி நேரம் என்றால் மாதத்துக்கு 300 மணி நேரம். கணக்குப் பார்த்தால் மணிக்கு மூன்றரை டாலர்கூடத் தேறவில்லை. உங்களில் பெரிய நிறுவனங்களின் தலைமை அலுவலகங்கள் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் இருக்கின்றன. அந்த நாட்டின் கூட்டாட்சிக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 7.25 டாலர். 2009க்குப் பிறகு ஒரு சென்ட்கூட உயர்த்தப்படாத, அங்குள்ளவர்களே போதாது என்று சொல்கிற தொகை அது. அதில் பாதிகூட உங்கள் ஊழியருக்கு இல்லை.

அந்தச் சட்டம் உங்கள் கப்பலுக்குள் நுழையாமல் தடுப்பது கப்பலில் பறக்கும் கொடி. கப்பல் பஹாமாஸிலோ பனாமாவிலோ பெர்முடாவிலோ மால்டாவிலோ பதிவாகி, அந்த இடத்தின் கொடியைக் கட்டியிருக்கும். வெளிநாட்டுக் கொடி கட்டிய கப்பலின் கடலோடிகளுக்கு அமெரிக்கக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பொருந்தாது. இதில் சட்டமீறல் எதுவும் இல்லை என்பதை அறிவேன். சட்டம் விட்டுவைத்த இடத்தில் நியாயத்தை நீங்களாகவே நிரப்ப வேண்டியிருக்கிறது, அதைத்தான் கேட்கிறேன். ஹவாய்த் தீவுகளைச் சுற்றிவரும் 'பிரைட் ஆஃப் அமெரிக்கா' கப்பலைப் பாருங்கள். வெளிநாட்டுத் துறைமுகம் எதையும் தொடாமல் அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே மட்டும் பயணிகளை ஏற்றிச் செல்ல வெளிநாட்டுக் கப்பல்களுக்கு 1886ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதி தருவதில்லை. அதனால் அந்தக் கப்பல் அமெரிக்கக் கொடியுடன், பெரும்பாலும் அமெரிக்க ஊழியர்களுடன், அமெரிக்க ஊதியச் சட்டத்தின் கீழ் 2005 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது. போட்டி இல்லாத வழித்தடம் அதற்குக் கைகொடுக்கிறது என்பது உண்மை. ஆயினும், முறையான கூலி கொடுத்தால் கப்பலை நிறுத்திவிட வேண்டியதுதான் என்ற பேச்சு அங்கே எடுபடவில்லை.

இனி டிப்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். என் மனத்தை அதிகம் உறுத்துவது இதுதான்.

பல கப்பல்களில் ஆளுக்கு, இரவுக்கு 16 முதல் 20 டாலர் வரை பணிக்கட்டணம் என்ற பெயரில் கணக்கில் ஏறுகிறது. 18 டாலர் என்று கொண்டால் நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒரு வாரத்தில் 504 டாலர். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்ட கட்டணத்தில் இது இருப்பதில்லை. இருந்தால் கட்டணம் அதிகமாகத் தெரியும் என்பதால்தானே வெளியே வைக்கிறீர்கள்? பிறகு, விருப்பமில்லை என்றால் வரவேற்பு மேசைக்கு வந்து நீக்கிக்கொள்ளலாம் என்கிறீர்கள். பயணத்தின் கடைசி மாலையில் அந்த மேசைக்கு முன்னால் நீளும் வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். ஊழியருக்கு நிறுவனம் முறையாகச் சம்பளம் கொடுத்திருக்கும், இது கூடுதல் வசூல் என்று நம்புகிறவர்கள் அவர்களில் நிறைய. அப்படி நினைக்கும்படி அந்தக் கட்டணத்தை அமைத்தவர்கள் நீங்கள்தான். அங்கே நீக்கப்படுகிற ஒவ்வொரு தொகையும், யானை செய்து வைத்தவரின் வீட்டுக்குப் போக வேண்டிய பணத்தில் கைவைக்கிறது.

வீடு கட்டிய கொத்தனாருக்குக் கூலியை, குடிவருகிறவர் மனமிருந்தால் கொடுக்கட்டும் என்று எந்த மேஸ்திரியும் சொல்வதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. குறைந்தபட்சமாக இவ்வளவு கிடைக்கும் என்று ஒப்பந்தத்தில் உறுதி சொல்லிவிட்டு, பயணிகள் கொடுத்த டிப்ஸை அந்தத் தொகைக்குள்ளேயே கணக்கிட்டுக்கொள்ளும் வழக்கம் சில ஒப்பந்தங்களில் உண்டு. அப்போது நாங்கள் கொடுக்கும் பணம் ஊழியரின் கையிருப்பைக் கூட்டுவதற்குப் பதில் நிறுவனத்தின் செலவைத்தான் குறைக்கிறது. அவருக்கு நல்லது செய்கிறோம் என்ற எண்ணத்தில் கொடுக்கிற பயணியிடம் இதை நேராகச் சொல்லிவிட்டு வாங்குங்கள். எத்தனை பேர் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள்.

கண்ணுக்குத் தெரிபவருக்குத்தான் தனியாக ஏதாவது நோட்டு கைமாறுகிறது. நீர்மட்டத்துக்குக் கீழே, சன்னல் இல்லாத தளத்தில், சலவை இயந்திரங்களின் வெக்கையில் ஆயிரக்கணக்கான விரிப்புகளை மடிப்பவரை எந்தப் பயணி பார்த்திருக்கிறார்? பஃபேயில் நாங்கள் வைத்துவிட்டுப் போகும் தட்டுகளை நள்ளிரவுவரை கழுவுகிறவரின் பெயர் யாருக்குத் தெரியும்? பயணம் முடிந்ததும் நீங்கள் அனுப்பும் கருத்துப் படிவத்தில்கூட அவர்களுக்கு இடமில்லை. படிவத்தில் இடம்பெறுகிறவர்களின் பாடும் கடினம்தான். பத்துக்கு எட்டு மதிப்பெண் போட்டால் பாராட்டு என்று நினைத்துப் போடுகிறோம். அது அவர்களுக்கு எதிராகத் திரும்புகிறது. அதனால்தான் கடைசி நாளில் சிரித்த முகத்தோடு வந்து, பத்துக்குப் பத்து போடுங்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்கிறார்கள். ஒருவருடைய வருமானமும் அடுத்த ஒப்பந்தமும் இப்படி அந்நியரின் மனநிலையைப் பொறுத்து இருக்கக் கூடாது.

அவர்கள் சொந்த நாட்டில் கிடைக்காத சம்பளம் இது, விரும்பித்தானே வருகிறார்கள் என்று நீங்கள் சொல்வீர்கள். விரும்பி வருகிறார்கள், உண்மைதான். பிலிப்பைன்ஸிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வருகிறவர்கள் அந்தப் பணத்தில் வீடு கட்டியிருக்கிறார்கள், தம்பி தங்கைகளைப் படிக்க வைத்திருக்கிறார்கள். அதை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். ஆனால் அவர் வேலை செய்வது அவருடைய ஊரில் இல்லையே! குழந்தை நடக்கப் பழகியதைத் தொலைபேசித் திரையில் பார்த்துக்கொண்டு, இருவர் தங்கும் அடுக்குக் கட்டில் அறையில் உறங்கி, கடலில் வேலை செய்கிறார். அவர் துடைத்த அறைக்கு என்னிடம் வாங்கும் வாடகை, அவருடைய நாட்டு விலைவாசியைப் பார்த்து நிர்ணயிக்கப்படவில்லை. விற்கும்போது உலகச் சந்தை விலை, கூலி கொடுக்கும்போது மட்டும் அவரவர் ஊர் விலை என்பது எந்த ஊர் நியாயம்? ஒப்பந்தத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் இடையில் வீட்டில் இருக்கும் மாதங்களில் பெரும்பாலானோருக்குச் சம்பளமே இல்லை என்பதையும் சேர்த்துத்தான் அந்தத் தொகையை எடைபோட வேண்டும்.

எங்களால் தாங்க முடியாத அளவுக்குக் கட்டணம் ஏறிவிடுமோ? அதையும் போட்டுப் பார்த்தேன். 2024 ஜனவரியில் பயணத்தைத் தொடங்கிய 'ஐகான் ஆஃப் தி சீஸ்' கப்பலில் அறைக்கு இருவர் என்ற கணக்கில் 5,610 பயணிகள், ஊழியர்கள் 2,350 பேர். ஒவ்வொரு பயணியும் இரவுக்கு 10 டாலர் கூடுதலாகக் கொடுத்தால் முப்பது இரவில் 16,83,000 டாலர் சேரும். அதை ஊழியர் எல்லோருக்கும் சமமாகப் பிரித்தால் தலைக்கு மாதம் ஏறக்குறைய 716 டாலர். மேலே சொன்ன மாலுமியின் பரிந்துரை ஊதியத்தைவிட இது அதிகம். அறைகள் நிறையாத நாள்களும், நிறுவனம் செலுத்த வேண்டிய மற்றச் செலவுகளும் இதைக் கொஞ்சம் குறைக்கலாம். அப்படியும், கப்பலில் இரண்டு கோப்பை காபிக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு குடும்பத்தின் நிலையை மாற்ற முடிகிறது. நான் கொடுக்கத் தயார். என்னோடு பயணம் செய்தவர்களில் பலரும் தயங்க மாட்டார்கள்.

செய்து பார்த்தவர்களும் உங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். பிரிட்டிஷ் பயணிகளுக்கான 'பி அண்ட் ஓ குரூஸஸ்' நிறுவனம் 2019 மே மாதம் முதல் தினசரிப் பணிக்கட்டணத்தை நீக்கிவிட்டு அதைப் பயணக் கட்டணத்திலேயே சேர்த்துக்கொண்டது. அதனாலேயே சம்பளம் நியாயமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். குறைந்தபட்சம் பயணியின் விருப்பு வெறுப்பிலிருந்து அது விடுபட்டது.

பெயரில் ஒற்றுமை இருந்தாலும் வேறு உரிமையாளரைக் கொண்ட, கரைக்குக் கரை கப்பல் சேவை நடத்தும் 'பி அண்ட் ஓ ஃபெர்ரீஸ்' 2022 மார்ச் 17 அன்று செய்ததையும் மறந்திருக்க மாட்டீர்கள். ஏறத்தாழ 800 கடலோடிகளை, பதிவுசெய்த காணொலிச் செய்தி ஒன்றைக் காட்டி, அந்த நிமிடமே வேலையிலிருந்து நீக்கியது. அவர்கள் இடத்தில் வந்த ஒப்பந்த ஊழியர்களுக்குச் சராசரியாக மணிக்கு ஐந்தரை பவுண்டு. அதிலிருந்து எழுந்த கோபம் பிரிட்டனில் 2023ஆம் ஆண்டுக் கடலோடிகள் ஊதியச் சட்டமாக முடிந்தது. ஆண்டுக்கு 120 முறையாவது பிரிட்டிஷ் துறைமுகங்களைத் தொடும் கப்பல் எந்தக் கொடியைக் கட்டியிருந்தாலும், அந்நாட்டு எல்லைக்குள் செய்த வேலைக்கு அந்நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்துக்கு ஈடாகக் கொடுக்க வேண்டும். உல்லாசப் பயணங்களுக்கு அந்தச் சட்டம் விலக்கு அளித்திருக்கிறது. அந்த விலக்கு என்றைக்கும் நீடிக்கும் என்று நம்பிக்கொண்டு இருக்காதீர்கள். கொடி எங்கே பதிவானால் என்ன, கப்பல் ஏதோ ஒரு துறைமுகத்தில் நின்றுதானே ஆக வேண்டும்?

2020 பிப்ரவரியில் யோகோஹாமா துறைமுகத்தில் 'டைமண்ட் பிரின்சஸ்' நிறுத்தி வைக்கப்பட்டது. அதில் இருந்த 3,711 பேரில் 712 பேருக்குக் கொரோனா தொற்றியது. பயணிகள் அறைகளுக்குள் இருக்கச் சொல்லப்பட்டார்கள். அந்த அறைக் கதவுகளுக்குச் சாப்பாட்டுத் தட்டைச் சுமந்து போனவர்கள் ஊழியர்கள். அவர்களுக்குத் தனி அறை இல்லை, விலகி உண்ண இடமில்லை. அடுத்த மாதத்தில் உலகமெங்கும் கப்பல்கள் நின்றபோது பல்லாயிரம் ஊழியர்கள் வீடு திரும்ப வழியில்லாமல் மாதக்கணக்கில் கடலிலேயே கிடந்தார்கள். பலருக்குச் சம்பளமும் நின்றுபோனது. அந்தச் சோதனையிலிருந்து உங்கள் தொழில் மீண்டுவிட்டது. 2019இல் 2.97 கோடியாக இருந்த பயணிகள் எண்ணிக்கை 2023இல் 3.17 கோடியாக உயர்ந்ததை உங்கள் சங்கமே பெருமையோடு அறிவித்தது. மீண்டுவரத் தோள்கொடுத்தவர்களின் சம்பளச் சீட்டிலும் அந்த உயர்வு தெரிய வேண்டும்.

வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட்கள் பற்றியும் ஒரு சொல். கடலோடியிடம் வேலைக்காகக் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்று மேலே சொன்ன உடன்படிக்கை தெளிவாகத் தடை விதித்திருக்கிறது. ஆனாலும் கடன் வாங்கிக் கொடுத்துவிட்டு, முதல் சில மாதச் சம்பளத்தைக் கடனுக்கே கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். புதிதாகச் சேருகிற ஒவ்வொருவரையும் கப்பலில் ஏறிய முதல் வாரத்தில் தனியே அழைத்து, யாருக்கு எவ்வளவு கொடுத்தாய் என்று கேளுங்கள். அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஏஜென்டிடமிருந்து நீங்கள் வசூலித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த பருவத்துக்கான கட்டண அட்டவணையை எப்படியும் அச்சிடப் போகிறீர்கள். அதில் பணிக்கட்டணம் என்ற தனி வரியை எடுத்துவிடுங்கள். மொத்தக் கட்டணத்தை ஒரே தொகையாகப் போடுங்கள். கேபின் பணியாளர், பரிமாறுபவர், பாத்திரம் கழுவுபவர், சலவைப் பணியாளர் ஆகியோரின் உறுதிசெய்யப்பட்ட மாதச் சம்பளத்தையும், அதற்கான வேலை நேரத்தையும் அதே அட்டவணையில் வெளியிடுங்கள். அப்படி முதலில் வெளியிடுகிற நிறுவனத்தின் கப்பலில் அம்மாவுக்கும் எனக்கும் டிக்கெட் எடுக்கிறேன். உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பயணிகளில் ஒருத்தி