பெரிய வெள்ளிக்கு முன் ஒரு கடிதம்

அன்புள்ள ஜெயராஜ்,

ஸ்தோத்திரம். மூட்டு வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கே எல்லாரும் சுகம். பேத்தி திடப்படுத்தல் வகுப்புக்குப் போகிறாள். நம் சபைப் பிரிவைத் தொடங்கிவைத்த ஜெர்மன் சீர்திருத்தவாதி லூத்தரின் ஞானோபதேசத்தை (கேள்வி-பதில் வேதபாடத்தை) வீடே அதிரும்படி மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறாள்.

உங்கள் சபை வாலிபர்கள் இஸ்ரேல் கொடியை விரித்து ஜெபித்ததைச் சொல்லி, யூதர்களை ஆதரிப்பது என்றால் இதுதானா என்று கேட்டிருந்தாய். ஜெபிக்கட்டும், அதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு யூதர் என்றால் உலக முடிவைப் பற்றிய கடைசிக்காலக் கணக்கில் வரும் ஓர் அடையாளம், அவ்வளவுதான். அடுத்த வீட்டில் குடியிருக்கும் மனிதர் இல்லை. எனக்கு உறுத்துவது அதுதான்.

நம்மைப்போன்ற லுத்தரன்கள் இதில் கொஞ்சம் தலைகுனிந்துதான் பேச வேண்டும். யூதர்களின் ஜெப ஆலயங்களைக் கொளுத்துங்கள் என்று 1543இல் லூத்தரே எழுதினார். 1938 நவம்பரில் ஜெர்மனியில் நாஜிகள் அவற்றைக் கொளுத்தியபோது, துரிங்கியாவின் லுத்தரன் பேராயர் மார்ட்டின் சாசே அந்தப் பழைய எழுத்திலிருந்து பகுதிகளைத் தொகுத்து அச்சிட்டார். லூத்தரின் பிறந்த நாளான நவம்பர் 10 அன்று ஆலயங்கள் எரிந்ததை முன்னுரையில் மகிழ்ச்சியோடு குறிப்பிட்டார்.

அதே லூத்தரைப் படித்தவர்கள்தான் டென்மார்க்கிலும் இருந்தார்கள். 1706இல் நம் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்த மிஷனரி சீகன்பால்குவை அனுப்பியது அந்த நாட்டு ராஜாதான். 1943 செப்டம்பர் கடைசியில், டென்மார்க்கை ஆக்கிரமித்திருந்த ஜெர்மானியர் அங்குள்ள யூதர்களைப் பிடிக்கப்போகிறார்கள் என்ற செய்தி கசிந்தது. கோபன்ஹேகன் பேராயர் ஃபுக்ல்சாங்-டாம்கோர் மற்றப் பேராயர்கள் சார்பிலும் ஒரு கடிதம் எழுதினார். அக்டோபர் 3, ஞாயிற்றுக்கிழமை, அது நாடெங்கும் ஆலயங்களில் வாசிக்கப்பட்டது. தேவன் இஸ்ரவேலுக்குக் கொடுத்த வாக்கின்படிதான் நம் ஆண்டவர் பெத்லகேமில் பிறந்தார், ஆகவே யூதரைத் துன்புறுத்துவதை எதிர்ப்பது திருச்சபையின் கடமை; மனுஷருக்கல்ல, தேவனுக்கே கீழ்ப்படிய வேண்டும் என்றது அந்தக் கடிதம். ஜெர்மன் ராணுவம் ஊருக்குள் இருக்கும்போது இதைப் பிரசங்க பீடத்திலிருந்து வாசித்தார்கள், யோசித்துப் பார்!

அந்த மாதத்திலேயே ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் படகேறி சுவீடன் சேர்ந்தார்கள். எல்லாம் தியாகம் என்று நினைக்காதே, சில மீனவர்கள் நல்ல காசு வாங்கினார்கள். கில்லெலய் ஊரில் ஆலயத்தின் பரணில் ஒளிந்திருந்த எண்பது பேரளவில் பிடிபட்டும் போனார்கள். பிடிபட்டு நாஜிகளின் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்குப் போனவர்களையும் டேனிஷ்காரர்கள் கைவிடவில்லை. உணவுப் பொட்டலங்கள் அனுப்பினார்கள். அவர்களில் பெரும்பாலோர் உயிரோடு திரும்பினார்கள்.

ஆதரவு என்று நான் நினைப்பது இதைத்தான். இஸ்ரேல் அரசு செய்வதற்கெல்லாம் ஆமென் போடுவது வேறு விஷயம். பெத்லகேமிலேயே பாலஸ்தீன லுத்தரன் சபை இருக்கிறது, அவர்கள் கண்ணீரும் நம்முடையதுதான். காசாவில் சாகும் குழந்தைக்காக அழுகிறவன் யூதருக்கு விரோதி ஆகிவிட மாட்டான். இதை உங்கள் வாலிபர்களுக்குச் சொல்லிக்கொடு. சபை வாட்ஸ்அப் குழுவில் “உலகத்து வங்கியெல்லாம் யூதர் கையில்” என்று யாராவது அனுப்பினால் சும்மா இருக்காமல் மறுத்து எழுதவும் சொல். 2018இல் பிட்ஸ்பர்க் ஜெப ஆலயத்தில் 11 பேரைச் சுட்டுக்கொன்றவன் இந்த மாதிரி வதந்திகளை நம்பியவன்தான்.

அப்புறம், நம் பிரசங்கம். “யூதர்கள் இயேசுவைக் கொன்றார்கள்” என்று வருஷா வருஷம் பெரிய வெள்ளியில் கேட்டே வளர்ந்தோம். தீர்ப்புச் சொன்னவன் ரோம அதிகாரி, ஆணியடித்தவர்கள் அவனுடைய சேவகர்கள். அழுதுகொண்டு பின்னால் போன எருசலேம் பெண்களும் யூதர்கள்தான், மரியாளும் யூதப் பெண்தான். இதை எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறாய்?

இந்த வருஷம் இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் உனக்குப் பிரசங்கிக்க எதைக் கொடுத்திருக்கிறார்கள்? “பிதாவே, இவர்களுக்கு மன்னியும்” என்ற முதல் வார்த்தை என்றால், “இவர்களுக்கு” என்பது யாரை என்று தெளிவாகச் சொல்லிவிடு. குறிப்பை முடித்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்பு. தங்கச்சிக்கு என் அன்பைச் சொல்.

அன்புடன்,
தேவசகாயம்