சாலியம் கரைக்கு, கூடலூரிலிருந்து

சாலியம் கரையில் எருந்து என்னும் மட்டியை வாரும் அக்காமார்களான இத்தாமார்களுக்கும் சேச்சிமார்களுக்கும், கூடலூர்ச் சந்தைக்காரர்களுக்கும், எங்கள் கடையில் ஒருமுறையாவது தூக்குவாளியை நீட்டிய எல்லோருக்கும் வணக்கம்.

எங்களைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. நீலகிரிக் கூடலூரில் பாண்டியாற்றுப் பக்கம் கையளவு தேயிலைத் தோட்டம் வைத்திருப்பவர்களும், அடுத்தவர் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்களுமாகச் சேர்ந்த மகளிர் குழு நாங்கள். பச்சைத் தேயிலை விலை எழுந்திருக்கவே மாட்டேன் என்று படுத்துக்கிடந்த நேரத்தில், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு மீன்கடை போடலாம் என்று இறங்கினோம். மத்தியும் அயிலையும் விற்கக் கூடலூரில் ஆள் இருக்கிறார்கள், அவர்கள் பிழைப்பில் கைவைக்க எங்களுக்கு மனமில்லை. அதனால் கழிமுகத்துச் சரக்கை எடுத்துக்கொண்டோம். எருந்து, அதாவது மட்டி. அப்புறம் பாறையில் ஒட்டி வளரும் சிப்பியான கல்லுமக்காய், நண்டு, கிடைத்தால் கொஞ்சம் கரிமீன். முதல் சீசன் முடிந்துவிட்டது. மழைக்குக் கடையை மூடியிருக்கிறோம். உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோது, நோட்டில் எழுத இடமில்லாத பேர்கள் நிறைய இருந்தார்கள். அவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதலில் சாலியம். எங்கள் பாண்டியாறு நாடுகாணி மலையை இறங்கிப் புன்னப்புழையாகி, கேரளத்தில் நிலம்பூருக்கு மேலே சாலியாற்றில் சேர்ந்து, கோழிக்கோட்டை அடுத்த பேப்பூரில் கடலைத் தொடுகிறது. பேப்பூருக்கு நேர் எதிர்க்கரைதான் சாலியம். எங்கள் வாசலில் ஓடும் தண்ணீர் எங்கே போய் முடிகிறது என்று இத்தனை வருடத்தில் எங்களில் ஒருவரும் போய்ப் பார்த்ததில்லை. சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போன ஒருத்தி அங்கே இடுப்பளவு தண்ணீரில் பெண்கள் நின்று எதையோ வாருவதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். அடுத்த வாரமே கிளம்பிவிட்டோம்.

யார், எவர், எதற்கு வந்தீர்கள் என்று கேட்கும் முன்னாலேயே "இறங்கு மோளே" என்று சொன்ன இத்தா, உங்களுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது? சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகக் கூச்சப்பட்டு நின்றவர்களை அதட்டி இறக்கினீர்கள். காலால் தேடச் சொன்னீர்கள். சேறு எங்கே முடிந்து மணல் எங்கே தொடங்குகிறது, எந்த இடத்தில் பாதத்துக்கு அடியில் கல்போல உருளும், அது செத்த ஓடா உயிருள்ளதா என்பதெல்லாம் பாதத்துக்குத் தெரிய வேண்டும் என்றீர்கள். எங்களுக்கு விரலில்தான் கண். ரெண்டு இலையும் ஒரு மொட்டும் பார்த்த மாத்திரத்தில் கை போய்விடும், பாதம் ஒன்றும் அறியாது. கற்றுக்கொள்ள நாள் பிடித்தது. இடுப்பில் கயிறு கட்டி, அதன் முனையில் அலுமினிய வட்டையை மிதக்கவிட்டு, வாரி வாரி அதில் போடும் வித்தை மட்டும் உடனே பிடித்துப்போனது. முதுகில் கூடை சுமந்து பழகியவர்களுக்குச் சுமையைத் தண்ணீர் தாங்குவது பெரிய சுகம்.

நேரத்தையும் நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். வற்றம், அதாவது தண்ணீர் இறங்கும் நேரம், நாளுக்கு இரண்டு தடவை, ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளித் தள்ளி வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் நன்றாக இறங்கும், அப்போதுதான் வழக்கமாக எட்டாத திட்டெல்லாம் வெளியே தெரியும். காலையில் சங்கு ஊதினால் வேலை, சாயங்காலம் ஊதினால் வீடு என்று வளர்ந்த எங்களுக்கு நிலாவைப் பார்த்து வேலைக்குப் போவது புதுசு. இப்போது எங்கள் வீட்டுக் காலண்டரில் கட்டம் போட்டு வைத்திருப்பதைப் பார்த்து, இவளுக்குப் புதிதாக விரதம் வந்துவிட்டதா என்று மாமியார்மார் கேட்கிறார்கள்.

வாரினதை அப்படியே அள்ளிக்கொண்டு வரமுடியாது என்பதையும் அங்கேதான் கண்டோம். சல்லடையில் போட்டு ஆட்டி, கீழே விழும் பொடிசுகளைத் திரும்ப ஆற்றிலேயே விடவேண்டும். கறுத்த எருந்துக்குக் குறைந்தது 20 மில்லிமீட்டர் என்று கேரள அரசு அளவு வைத்திருக்கிறது. இத்தாவிடம் அளவுகோல் எதுவும் இல்லை, சல்லடைக் கண்தான் சட்டம். அப்புறம் நல்ல உப்புத்தண்ணீரில் ஒரு ராத்திரி போட்டுவைத்தால் உள்ளிருக்கும் மணலை அதுவே துப்பிவிடும். அண்டாவில் வேகவைத்தால் வாய் திறக்கும். திறக்காததைக் கத்தியால் நெம்பக் கூடாது, தூக்கி எறிய வேண்டும். ஒரு வட்டை நிறைய ஓட்டோடு வாரினால் கடைசியில் இறைச்சி என்று கையில் நிற்பது கொஞ்சம்தான். ஓடு சுண்ணாம்புக்குப் போகும்.

ஒரு மத்தியானம் கரையில் உட்கார்ந்து சோறு சாப்பிடும்போது விலைக்கதை வந்தது. ஓட்டுக்கு என்று ஒரு கழிவு, தண்ணீருக்கு என்று ஒரு கழிவு போட்டுத்தான் வாங்குகிறவர் எடை எழுதுகிறார் என்று சேச்சி ஒருவர் சொன்னதும் எங்கள் ஆட்கள் சிரித்துவிட்டார்கள். எங்களுக்கும் இலையில் ஈரம் என்று சொல்லிக் கிலோக் கணக்கில் கழிப்பார்கள், வெயில் பல்லைக் காட்டும் நாளிலும் கழிப்பார்கள். அன்றைக்குத்தான் பேசி முடித்தோம்: நாங்கள் வாங்கும் சரக்குக்குக் கழிவு கிடையாது, வேகவைத்த இறைச்சியை இருவர் கண்முன்னாலும் நிறுத்து, அப்போதே காசு. எழுத்தில் ஒன்றும் போடவில்லை. இதுவரை ஒரு பேச்சு மாறவில்லை, அதற்கு எங்களைவிட நீங்கள்தான் காரணம். பஸ்சுக்கு நேரமாகிவிட்டது என்று நாங்கள் காசை எண்ணாமல் வைத்துவிட்டு ஓடிய நாளில், கூடுதலாக இருந்ததை அடுத்த வாரம் முந்தானையிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தவர்கள் நீங்கள்.

அடுத்து, மீன்வளத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சார். பெயர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டதால் போடவில்லை. பேப்பூர் டீக்கடையில் தற்செயலாகப் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கள் தமிழைக் கேட்டுப் பேச்சுக் கொடுத்தவர். மட்டி தண்ணீரை இழுத்து வடிகட்டித்தான் தின்னும், ஆகவே தண்ணீரில் என்ன இருக்கிறதோ அது மட்டிக்குள்ளும் இருக்கும் என்று அவர் தொடங்கிய பாடம் நிலம்பூர் வரைக்கும் போனில் தொடர்ந்தது. 1981-ல் கல்பாக்கம் பக்கத்து வயலூரில் மட்டி சாப்பிட்டவர்களுக்கு விஷம் ஏறி உயிர்கள் போனதை அவர்தான் சொன்னார். கடலில் சில காலம் பெருகும் நுண்பாசியின் விஷம் அது, வேகவைத்தாலும் போகாது. ஆகவே தண்ணீர் நிறம் மாறியது என்று காதில் விழுந்தால் வாங்காதே. மேலே பெருமழை பெய்து ஆறு கலங்கி வந்தால், ஆறு தெளிகிற வரைக்கும் வாங்காதே. இந்த இரண்டையும் அட்டையில் எழுதிக் கடையில் தொங்கவிட்டிருக்கிறோம். சில ஞாயிறுகளில் "இன்று எருந்து இல்லை" என்று பலகை வைத்ததற்கு இதுதான் காரணம். வந்து திரும்பிப்போனவர்கள் மன்னிக்கவும். மறுவாரமும் வந்தீர்களே, அதற்கு நன்றி.

கொல்லம் பக்கம் அஷ்டமுடிக் காயலில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, மட்டி இனம் பெருகும் காலம் என்று வாருவதை நிறுத்திவைக்கிறார்கள் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். வளம் குன்றாமல் பிடிப்பதற்குத் தரும் எம்.எஸ்.சி. என்ற உலகச் சான்று அந்த மட்டிக்கு 2014-ல் கிடைத்தது, இந்தியாவிலேயே முதலாவதாக. இதைச் சாலியத்தில் போய்ச் சொன்னோம். சான்றெல்லாம் இருக்கட்டும், மூன்று மாதம் வாராமல் இருந்தால் அடுப்பு எப்படி எரியும் என்று ஒரு சேச்சி கேட்டார். நியாயமான கேள்வி.

சார் சொன்னதில் எங்களை ஆட்டிவைத்தது விலாங்குக் கதை. எங்கள் ஓடைப் பாறை இடுக்கில் பையன்கள் பிடிக்கும் விலாங்கு கடலில் பிறந்ததாம். குஞ்சாகக் கழிமுகத்தில் நுழைந்து, ஆற்றை எதிர்த்து மலை ஏறி வந்து, வருடக்கணக்கில் இங்கே வளர்ந்து, முட்டையிடத் திரும்பவும் கடலுக்கே போகுமாம். பெரிய ஆற்று இறாலும் ஏறக்குறைய அப்படித்தான், வளர்வது நல்ல தண்ணீரில், குஞ்சு பிழைப்பது உப்புக் கலந்த தண்ணீரில். ஆறு நடுவில் எங்காவது அறுந்துபோனால் இரண்டுக்கும் வழி இல்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், குழுவில் எல்லோருக்கும் இதில் ஒரே கருத்து இல்லை. பாண்டியாறு-புன்னப்புழைத் தண்ணீரை மோயாற்றுக்குத் திருப்பிப் பவானிக்குக் கொண்டுபோகும் திட்டம் பல பத்தாண்டுகளாக இரண்டு மாநிலங்களுக்கும் நடுவில் பேச்சாகவே இருக்கிறது. பவானிப் பாசனக்காரர்களின் தேவையை நான் மறுக்கவில்லை. ஆனால் "வீணாகக் கடலில் கலக்கிறது" என்று மேடையில் யாராவது சொன்னால் இப்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்கிறது. நான் வட்டையைக் கட்டிக்கொண்டு நின்ற இடம் அந்த வீண் தண்ணீர்தான். உப்பும் நல்ல தண்ணீரும் அளவாகக் கலந்தால்தான் அங்கே மட்டி உயிரோடு இருக்கும். கணக்குப் போடுகிறவர்கள் அந்தப் பெண்களின் கூடையையும் ஒரு வரவாக எழுதட்டும், அவ்வளவுதான்.

கீழே போகக் கூடாததும் போகிறது. இத்தா ஒருநாள் வலையில் சிக்கிய பால் கவரை எடுத்துக் காட்டினார். தமிழ் எழுத்து. ஒன்றும் சொல்லாமல் கரையில் காயப்போட்டுவிட்டு வேலையைப் பார்த்தார். அதற்குப் பிறகு எங்கள் லயத்து ஓடையில் குப்பை கொட்ட வருகிறவர்களோடு குழுவில் இருவர் நேரடியாகவே சண்டைக்கு நிற்கிறார்கள்.

2024 ஜூலை 30 வயநாட்டு நிலச்சரிவையும் விட்டுவிட முடியாது. அந்த வெள்ளம் இதே சாலியாற்றில்தான் உடல்களைக் கொண்டுவந்தது. நிலம்பூர்ப் பக்கத்தில் நாள்கணக்கில் ஆற்றில் இறங்கித் தேடினவர்களில் ஊர்க்காரர்கள் எத்தனையோ பேர். எங்கள் கடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இருந்தாலும் இந்த ஆற்றை வைத்து ஒரு நன்றி மடல் எழுதும்போது அவர்களுக்கு ஒரு வரி எழுதாமல் இருக்க மனம் வரவில்லை.

சரி, சரக்கு மலை ஏறிய கதைக்கு வருகிறேன். முதலில் பஸ்சில்தான் கொண்டுவந்தோம். நாற்றம் என்று பாதி வழியில் இறக்கிவிட்ட கண்டக்டரும் உண்டு, பின் படிக்கட்டு ஓரம் இடம் ஒதுக்கி "தண்ணி சொட்டாம பாத்துக்கோங்க" என்று சொன்ன கண்டக்டரும் உண்டு. இரண்டாமவருக்கு நன்றி. நிரந்தர வழி காட்டியவர் காய்கறி லாரி டிரைவர் அண்ணன். ஊட்டிக் கேரட்டையும் முட்டைக்கோசையும் கோழிக்கோட்டில் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் வண்டி, அதில் எங்கள் ஐஸ் பெட்டிகள் ஏறின. டீசலுக்கு என்று கொடுத்ததை வாங்க மாட்டேன் என்றார், ஆனால் நண்டு வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. கடனுக்கு ஐஸ் உடைத்துக் கொடுத்த பேப்பூர் ஐஸ் கம்பெனித் தம்பிக்கும், பெட்டியைத் திறந்து பார்த்து, பிளாஸ்டிக் பைக்கு இங்கே தடை, வேறு வழி பாருங்கள் என்று பொறுமையாகச் சொல்லி அனுப்பிய நாடுகாணி சோதனைச்சாவடி ஊழியருக்கும் நன்றி. அவர் சொன்னதால்தான் தேக்கிலைக்கு மாறினோம். நிலம்பூரில் தேக்கிலைக்கு என்ன பஞ்சம். சாயம் கையில் ஒட்டுகிறது என்று குறைப்பட்டவர்களுக்குத்தான் தூக்குவாளி கொண்டுவரச் சொன்னோம்.

தன் டீக்கடைத் திண்ணையைச் சும்மா கொடுத்த இக்காவுக்கும், தராசு இரவல் தந்த கோழிக்கடைக்காரருக்கும், உணவுப் பாதுகாப்புப் பதிவு விண்ணப்பத்தை உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்த கம்ப்யூட்டர் சென்டர் தங்கைக்கும் நன்றி.

கடைசியாக எங்கள் பாட்டி. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையின் மாத்தளைத் தோட்டத்திலிருந்து கப்பல் ஏறி வந்தவர். கடலிலிருந்து வந்தது என்று லயத்துக் காம்பராவில் அவர் அறிந்ததெல்லாம் கருவாடும் நெத்தலியும்தான். முதல் ஞாயிறு, ஓட்டுக்குள் இருக்கும் பூச்சியையா விற்கிறீர்கள் என்று சந்தையே தள்ளி நின்றபோது, பாட்டி நடுத் திண்ணையில் அடுப்பைப் பற்றவைக்கச் சொன்னார். தேங்காய்ச் சொட்டு, சின்ன வெங்காயம், மிளகு, கறிவேப்பிலை, கடைசியாக எருந்து. ஏற்கெனவே வெந்த இறைச்சி, இரண்டு பிரட்டு போதும், அதிகம் வைத்தால் செருப்புத் தோல் ஆகிவிடும். எல்லோரும் பார்க்க முதல் ஆளாக எடுத்துச் சாப்பிட்டார். மென்று முடித்துவிட்டு, "உப்புக் கம்மி" என்றார். அதற்குப் பிறகுதான் கூட்டம் வந்தது. பாட்டிக்கு எங்களிடமிருந்து வாரம் ஒரு தட்டு உறுதி, ஆயுள் முழுக்க.

மழை முடிந்து ஆறு தெளிந்ததும் மறுபடி கடை. டிராலிங் தடை இருக்கும்போது உங்களுக்கு மட்டும் எப்படி மீன் என்று கேட்டவர்களுக்கு: கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு தொடங்கி ஜூலை 31 வரைக்குமான அந்த 52 நாள் தடை விசைப்படகு இழுவலைக்கு. கையால் வாருகிறவர்களை நிறுத்துவது மழை வெள்ளம்தான்.

ஒரு சேதி. பச்சை மூடி போட்ட எவர்சில்வர் தூக்குவாளி ஒன்று, அடியில் "செ" என்று ஆணியால் குத்தியது, கடையிலேயே கிடக்கிறது. உடையவர்கள் டீக்கடை இக்காவிடம் வாங்கிக்கொள்ளவும்.

அன்புடன்,
பாண்டியாற்றுப் பக்கத்து மகளிர் குழுவுக்காக, கணக்கு நோட்டு வைத்திருப்பவள்