மடிக்கணினி தந்தால் மட்டும் போதாது, பேட்டரிக்கும் வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாளையங்கோட்டையில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததும் பெற்றோர் வந்து கேட்பது ஒன்றுதான்: "லேப்டாப் வாங்கவா, டெஸ்க்டாப் வாங்கவா அண்ணாச்சி?" பெரும்பாலும் லேப்டாப் என்றுதான் சொல்கிறேன். ஆனால் கூடவே சொல்ல வேண்டிய சில விஷயங்களை விற்கிறவர்கள் சொல்வதில்லை. கொடுக்கிற அரசும் சொல்வதில்லை.

முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் வீடுகளில் மேசை போட இடம் ஏது? அம்மா சுளகை மடியில் வைத்து இலை சுருட்டிக்கொண்டிருப்பார். அதே அறையில் சுவரில் சாய்ந்தபடி மகள் அசைன்மெண்ட் அடிப்பாள். அவளுக்கு லேப்டாப்தான் தோது. பராமரிப்புப் பணி என்று காலை ஒன்பது மணிக்குக் கரண்ட்டை நிறுத்தினால் மதியத்துக்கு மேல்தான் வரும். டெஸ்க்டாப் யுபிஎஸ்ஸில் கால் மணி நேரம் தாங்கினால் பெரிது. நல்ல பேட்டரி உள்ள லேப்டாப் அந்த நேரத்தில் பாதியையாவது ஓட்டிவிடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் திருநெல்வேலி ஜங்ஷன், மீனாட்சிபுரம் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியதே, அப்போது தரையில் இருந்த சிபியு பெட்டிகள் சேறும் சகதியுமாக என் கடைக்கு வந்தன. லேப்டாப் வைத்திருந்தவர்கள் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு மாடி ஏறிவிட்டார்கள்.

சரி, குறைக்கு வருகிறேன். கல்லூரி மாணவி ஒருத்தி, "டச்பேட் அமுங்க மாட்டேங்குது" என்று லேப்டாப்பைக் கொண்டுவந்தாள். திருகுகளைக் கழற்றி அடிமூடியைத் திறந்தால், டச்பேடில் கோளாறே இல்லை. பேட்டரி உப்பி, அடியிலிருந்து அதை முட்டிக்கொண்டிருந்தது. விசிறிக்குப் பக்கத்தில் வெப்பம் வெளியேறும் தகடுகளின் இடுக்கில் புகையிலைத் தூளும் தலையணைப் பஞ்சும் சேர்ந்து கம்பளி மாதிரி அடைத்திருந்தன. மெத்தைமேல் வைத்து, நாள் முழுக்கச் சார்ஜரில் போட்டபடியே படித்திருக்கிறாள். அப்படிச் செய்யாதே என்று அவளிடம் யாருமே சொன்னதில்லை. உப்பிய பேட்டரியோடு சார்ஜ் போடுவது தீப்பிடிக்கும் அபாயம். ஒரு பிள்ளை அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறாள் என்று நினைத்தபோது எனக்குப் பதறிவிட்டது.

லித்தியம் அயான் பேட்டரிக்கு இரண்டு எதிரிகள்: ஒன்று சூடு, இன்னொன்று எந்நேரமும் நூறு சதவீதத்திலேயே நிற்பது. சாதாரணமாகவே 300 முதல் 500 முறை முழுதாக ஏறி இறங்கினால் அதன் கொள்ளளவு ஐந்தில் ஒரு பங்கு வரை குறைந்துவிடும். சித்திரை, வைகாசியில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் நம் ஊரில், தகரக் கூரை வீட்டில் இன்னும் சீக்கிரம் போகும். பல லேப்டாப்களில் எண்பது சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி உண்டு. வாங்கிய அன்றே அதைப் போட்டுவிடுங்கள்.

பேட்டரி போனால் மாற்றலாம்தான். ஆனால் அந்த மாணவியின் மாடலுக்கு அசல் பேட்டரி கேட்டால், "ஸ்டாக் இல்லை, வந்ததும் சொல்கிறோம்" என்பதற்கு மேல் பதில் வரவில்லை. செமஸ்டர் காத்திருக்குமா? முன்பெல்லாம் அடியில் இருக்கும் கொக்கியைத் தள்ளினால் பேட்டரி கையோடு வந்துவிடும். இப்போது உள்ளே வைத்துத் திருகி மூடிவிடுகிறார்கள். மெல்லிசான மாடல்கள் பலவற்றில் ரேம் என்கிற நினைவகச் சில்லையும் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்துவிடுகிறார்கள். நாளைக்குக் கூட்ட வேண்டும் என்றால் வழியே கிடையாது. டெஸ்க்டாப்பில் கீபோர்டு போனால் 500 ரூபாய்க்குள் புதிது வாங்கி நீங்களே மாட்டலாம். லேப்டாப்பில் அதற்கு முழுதாகப் பிரிக்க வேண்டும். ஆகவே வாங்கும்போது கனத்தையும் நிறத்தையும் பார்ப்பதற்கு முன், ரேம் கூட்ட இடம் இருக்கிறதா, பேட்டரி என்ன விலை, எந்த ஊரில் மாற்றுவார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லாத கடையில் வாங்காதீர்கள்.

திரையும் கீபோர்டும் ஒட்டியே இருப்பதால் குனிந்து குனிந்து கழுத்துவலி வரும். நாலு தடிப் புத்தகத்தின் மேல் லேப்டாப்பை ஏற்றி, தனிக் கீபோர்டு மாட்டினால் போதும்.

அரசிடம் கேட்க வேண்டியதுதான் முக்கியம். 2011இல் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கினார்கள். இப்போது 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி என்று 2025-26 நிதிநிலை அறிக்கையில் சொல்லி, முதற்கட்டமாக 2,000 கோடி ரூபாயும் ஒதுக்கினார்கள். நல்ல காரியம், மனதார வரவேற்கிறேன். ஆனால் கொடுத்து மூன்று வருடம் கழித்து அந்தப் பேட்டரிகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே சமயத்தில் தளரும். அதற்கு இப்போதே ஏற்பாடு வேண்டும். ஐந்து வருடத்துக்கு அசல் பேட்டரியும் சார்ஜரும் அறிவித்த விலையில் கிடைக்கும் என்று நிறுவனங்களிடம் எழுதி வாங்க வேண்டும். தாலுகாவுக்கு ஒரு சர்வீஸ் இடம் வேண்டும். அம்பாசமுத்திரத்திலோ நாங்குநேரியிலோ இருக்கும் பிள்ளை ஒரு சார்ஜர் பின்னுக்காகப் பஸ் ஏறி வரக் கூடாது. உப்பிய பேட்டரியைக் குப்பை வண்டியில் போட முடியாது, என் கடையில் அடுக்கி வைக்கவும் பயமாக இருக்கிறது. அவற்றை வாங்கிக்கொள்ள மாநகராட்சி வார்டுக்கு ஒரு நாள் ஒதுக்கினால், முதல் ஆளாக நான் கொண்டுவந்து கொடுப்பேன்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்ப்பவர்,
பாளையங்கோட்டை