பூவை மட்டும் படம் எடுத்தால் செடியின் பெயர் கிடைக்காது

ஆசிரியருக்கு வணக்கம்.

‘இது என்ன செடி?’ என்று கேட்டு வாசகர்கள் அனுப்பும் படங்கள் நாளிதழ்களில் அடிக்கடி வருவது மகிழ்ச்சி தருகிறது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை நேர் மேலிருந்து எடுத்த ஒற்றைப் பூவின் படங்கள். அதை வைத்துக் குடும்பத்தையோ பேரினத்தையோ ஊகிக்கலாம். சிற்றினத்தை உறுதியாகச் சொல்வது அரிது. எதையெல்லாம் படம் எடுக்க வேண்டும் என்பதையும் அந்தப் பக்கத்திலேயே அச்சிட்டால் பெரிய உதவியாக இருக்கும்.

கீழாநெல்லியையே எடுத்துக்கொள்வோம். மேலிருந்து பார்த்தால் சிற்றிலைகள் வரிசையாக அமைந்த கூட்டிலை போலத் தெரியும். திருப்பிப் பார்த்தால்தான் இலைகளின் அடியில் பூவும் காயும் தொங்குவது கண்ணில் படும். கூட்டிலையில் சிற்றிலை காம்போடு சேரும் கோணத்தில் மொட்டு வருவதில்லை. ஆகவே அது கூட்டிலை அல்ல, தனி இலைகளைத் தாங்கிய சிறு கிளை. சிக்கல் அதோடு முடியவில்லை, ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு இனங்கள் உண்டு. பில்லாந்தஸ் அமாரஸ் என்ற இனத்தின் காய் வழவழப்பாக, சிறு காம்புடன் இருக்கும். பில்லாந்தஸ் யூரினேரியாவின் காய் சொரசொரப்பாக, காம்பே தெரியாதபடி கிளையோடு ஒட்டியிருக்கும். காயின் அகலமோ 2 மில்லிமீட்டரை ஒட்டித்தான். மருந்துக்குப் பறிக்கப்படும் செடி இது. இலையை மட்டும் பார்த்துப் பெயர் சொல்லிவிடுவது சரியல்ல.

எடுக்க வேண்டிய படங்கள் இவை. செடி முழுவதும், அது வளரும் இடத்தோடு சேர்த்து ஒரு படம். இலை தண்டோடு சேரும் கணுவைக் கிட்டத்தில் ஒரு படம்: இலைகள் எதிரெதிராக உள்ளனவா, மாறி மாறி உள்ளனவா, இலைக்காம்பின் அடியில் சிறு செதில் (இலையடிச் செதில்) இருக்கிறதா என்பதெல்லாம் அதில்தான் தெரியும். இந்தப் படத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பிறகு இலையின் மேற்புறமும் அடிப்புறமும். பூவை முன்னாலிருந்தும் பக்கவாட்டிலும் பின்னாலிருந்தும். காய் இருந்தால் அதுவும். அளவு தெரிய ஓர் அளவுகோலை அருகில் வைக்கலாம். சிறிய பூ என்றால் கைப்பேசி பின்னணியையே தெளிவாகக் காட்டும். பூவுக்குப் பின்னால் உள்ளங்கையையோ ஒரு தாளையோ பிடித்தால் சரியாகிவிடும். கிள்ளினால் பால் வருகிறதா, என்ன வாசனை, எவ்வளவு உயரம் என்பவை படத்தில் வராது. எழுதித்தான் வைக்க வேண்டும். சில செடிகளின் பால் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், கவனம் தேவை.

செடியை அடையாளம் காட்டும் செயலிகள் நல்ல தொடக்கம். ஆனால் அவை காட்டுவது தோற்ற ஒற்றுமையைத்தான். கிடைத்த பெயரை அந்தந்தப் பகுதியின் தாவர விவரத் தொகுப்பிலுள்ள திறவுகோலோடு, அதாவது பண்புகளை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பெயருக்கு இட்டுச்செல்லும் பட்டியலோடு, ஒப்பிட்ட பிறகே நம்பலாம்.

படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதிலிருந்து மகரந்தத்தையோ மரபணுவையோ எடுக்க முடியாது. அதற்கு உலர்த்திய மாதிரி வேண்டும். புதிய சிற்றினங்களை விவரித்த கட்டுரைகளில் ஏறக்குறைய கால் பங்கில் 50 ஆண்டுகளுக்கும் பழைய ஹெர்பேரிய (உலர் தாவரக் காப்பக) மாதிரிகள் பயன்பட்டிருந்ததாக 2010-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பள்ளி மாணவர்களும் தரமான மாதிரியைச் செய்துவிடலாம். பூவோ காயோ உள்ள கிளையை, சிறு செடியானால் வேரோடு, பழைய நாளிதழ்த் தாளுக்குள் விரிக்க வேண்டும். வார, மாத இதழ்களின் வழவழப்பான தாள் ஈரத்தை உறிஞ்சாது. ஓர் இலையையாவது அடிப்புறம் தெரியும்படி திருப்பி வைக்க வேண்டும். ஒட்டிய பிறகு திருப்பவே முடியாது. தாள்களுக்கு இடையே நெளிவு அட்டை வைத்து, இரு பலகைகளுக்கு நடுவே இறுகக் கட்டி, முதல் மூன்று நாட்கள் காலையும் மாலையும் தாளை மாற்ற வேண்டும். அதில் சோம்பினால் பூஞ்சணம் பிடிக்கும், இலைகள் கருத்து உதிரும். கட்டாமல் வெயிலில் போட்டால் சுருண்டுவிடும்.

காய்ந்ததைப் பாலித்தீன் பையில் மூடி, மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் வைத்தால் வண்டுகளும் முட்டைகளும் சாகும். வெளியே எடுத்ததும் பையைத் திறந்துவிடக் கூடாது. அறை வெப்பத்துக்கு வரும் முன் திறந்தால் மாதிரியின் மேல் நீர் கோத்துக்கொள்ளும். பின்பு ஏறக்குறைய 42 x 28 சென்டிமீட்டர் தாளில் ஒட்டி, வலது கீழ் மூலையில் தேதி, இடம், வாழிடம், பூவின் நிறம், சேகரித்தவர் பெயர், சேகரிப்பு எண் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். நிறத்தைப் பறிக்கும்போதே எழுதிவிட வேண்டும், காய்ந்தால் மாறிவிடும். இடமும் தேதியும் இல்லாத மாதிரி ஆய்வுக்கு ஏறக்குறைய பயனற்றது.

பறிப்பதற்கும் வரம்பு உண்டு. அனுமதி பெற்ற இடத்தில் மட்டும், 20 செடிகள் இருந்தால் ஒன்றுக்கு மேல் வேண்டாம். அரியதாக இருந்தால் படமும் குறிப்பும் போதும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். செடிப் படங்களை வெளியிடும்போது வழக்குப் பெயரோடு அறிவியல் பெயரையும் தமிழ் எழுத்தில் தாருங்கள். ஒரே வழக்குப் பெயர் பல செடிகளுக்கு உண்டு. அரிய ஆர்க்கிட் போன்றவை கிடைத்த துல்லியமான இடத்தை மட்டும் அச்சிட வேண்டாம். அப்படி வெளிவரும் தகவலை வைத்துத் தோண்டிக்கொண்டு போவோர் இருக்கிறார்கள். வட்டாரத்தைச் சொன்னால் வாசகருக்குப் போதும். சரியான இடக்குறிப்பை ஹெர்பேரியத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தாவரவியல் ஆசிரியர் ஒருவர்