பிடித்த வண்டிக்கு ஒரு தாள் கொடுங்கள்

டெல்டா மாவட்டங்களின் காவல் கண்காணிப்பாளர்கள் அவர்களுக்கு,

வணக்கம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை நான்குக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நான் ஒரு வக்கீல் குமாஸ்தா. பிடிபட்ட வண்டியை மீட்க வருகிறவர்கள் முதலில் வந்து நிற்பது என் மேசை முன்னால்தான். வண்டியைப் பிடிக்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. கொள்ளிடத்தில் ராத்திரியோடு ராத்திரியாக மணல் அள்ளும் லாரியையும், காரைக்காலிலிருந்து பாண்டிச் சரக்கைச் சீட்டுக்கு அடியில் ஒளித்து வரும் பைக்கையும் பிடிக்கத்தான் வேண்டும். பிடித்த பிறகு நடப்பதைப் பற்றித்தான் என் மனு.

வருகிறவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "எந்த செக்‌ஷன்ல புடிச்சாங்க?" பெரும்பாலும் வரும் பதில், "தெரியலைங்க, வண்டி ஸ்டேஷன்ல நிக்குது."

இது தெரியாததால்தான் ஆர்டிஓ ஆபீசுக்கும் கோர்ட்டுக்கும் மாறி மாறி அலைகிறார்கள். லைசென்ஸ் இல்லை, ஓட்டியவருக்கு வயது பத்தாது, பதிவு இல்லை, பர்மிட் இல்லை அல்லது பர்மிட் நிபந்தனையை மீறியது. மோட்டார் வாகனச் சட்டம் 207-வது பிரிவின்படி வண்டியைப் பிடித்து வைக்கக் காரணம் இவ்வளவுதான். ஹெல்மெட் போடாததும் இன்சூரன்ஸ் தீர்ந்ததும் இதில் வராது. அவற்றுக்கு அபராதம் தனி. 207-ல் பிடித்த வண்டியைக் காகிதங்களைக் காட்டி, போக்குவரத்து அதிகாரியிடமோ அரசு அதிகாரம் கொடுத்த அலுவலரிடமோ விண்ணப்பித்து வாங்கலாம். குற்ற வழக்கில் சிக்கிய வண்டி என்றால் மாஜிஸ்ட்ரேட்டிடம் மனுப் போட வேண்டும். மணல், சாராயம் என்றால் கதையே வேறு. வண்டி திரும்பி வருமா, அரசுக்கே போய்விடுமா என்பதே அங்கே வழக்கு. விபத்து வண்டியை பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்து, முறைகள் முடிந்ததும் 24 மணி நேரத்துக்குள் திருப்பித் தரச் சொல்கிறது 136-வது பிரிவு. அந்த 24 மணி நேரத்தை நம்பி யாரும் மறுநாள் லோடு பிடிப்பதில்லை.

ஒரு குட்டியானைக்காரரைச் சொல்கிறேன். கொள்முதல் நிலையத்துக்கு நெல் மூட்டை ஏற்றுகிறவர். அவருக்குக் காய்ச்சல் என்று அக்காள் மகன் வண்டியை எடுத்தான். லைசென்ஸ் இல்லை, வண்டி ஸ்டேஷனுக்குப் போய்விட்டது. இவர் கோர்ட்டில்தான் கேட்க வேண்டும் என்று எண்ணி எங்களிடம் வந்தார், அதுவும் ஐப்பசி பாதி போன பிறகு. வண்டியை எடுக்கப் போனபோது நானும் கூடப் போனேன். பின் டயர் இரண்டும் சேற்றில் பாதி இறங்கியிருந்தன. கோவைக்கொடி ஸ்டியரிங் வரைக்கும் ஏறியிருந்தது. சைலன்சர் வாயில் குளவி மண்கூடு. பேட்டரி இருந்த இடத்தில் இரண்டு ஒயர் தொங்கியது. சாவியைத் தேடி எடுக்கவே மத்தியானமாகிவிட்டது. பேட்டரி எப்போது போனது என்று யாரைக் கேட்பது? பிடித்த அன்று வண்டியில் என்னென்ன இருந்தது என்று எழுதிக் கொடுத்திருந்தால் அல்லவா கேட்கலாம். இதற்கிடையில் பைனான்ஸ்காரர் டியூவை நிறுத்தி வைக்கவில்லை.

இத்தனைக்கும், லைசென்ஸ் இல்லாத கேஸில் வண்டிக்குப் பதிலாக ஆர்சி புக்கை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு அத்தாட்சி கொடுக்கலாம் என்று அதே 207-லேயே இருக்கிறது. லோடு வண்டியை வைத்துப் பிழைக்கிறவர்களிடம் இதைத் தாராளமாகப் பயன்படுத்தலாமே.

வழக்குச் சொத்தாக நிற்கும் வண்டிகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002-லேயே சொல்லிவிட்டது: ஸ்டேஷனில் நீண்ட நாள் போட்டு வைப்பதில் பயனில்லை, படம் எடுத்து, பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள், யாரும் கேட்டு வராததை ஏலம் விடுங்கள் என்று. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 497-வது பிரிவு நாள் கணக்கே போட்டுவிட்டது. சொத்து கோர்ட் முன் வந்த 14 நாளில் விவரக் குறிப்பு, கூடவே போட்டோ. அதற்குப் பின் 30 நாளில் உத்தரவு. அந்தப் போட்டோவே விசாரணையில் சாட்சியமாகும். உத்தரவு போடுவது கோர்ட்தான், சரி. ஆனால் சொத்தைத் தாமதமில்லாமல் கோர்ட் பார்வைக்குக் கொண்டுபோவது உங்கள் ஆட்கள் கையில்தான் இருக்கிறது.

வண்டி வைத்திருக்கிறவர்களையும் சும்மா விட முடியாது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய பைக்கை வருஷக்கணக்கில் பெயர் மாற்றாமல் ஓட்டுகிறார்கள். ஆர்சியில் பெயர் உள்ளவர் சிங்கப்பூரில் இருப்பார். இங்கே மனுவில் யார் கையெழுத்துப் போடுவது? மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளிலும் வாங்கியவர் 30 நாளிலும் தெரிவிக்க வேண்டும். லைசென்ஸ் இல்லாதவனிடம் சாவி கொடுத்தால் சொந்தக்காரருக்கும் 5,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. பள்ளிக்கூடத்துப் பையனிடம் கொடுத்தால் அப்பாவுக்கோ வண்டிக்காரருக்கோ 25,000 ரூபாயும் மூன்று வருஷம் வரை சிறையும். வண்டிப் பதிவு 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. செல்லம் கொடுக்கிறவர்கள் ஒரு தரம் படித்துப் பார்க்கட்டும்.

உங்களிடம் கேட்பது இதுதான். வண்டியைப் பிடிக்கும்போதே கையில் ஒரு தாள் கொடுக்கச் சொல்லுங்கள். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, வண்டி எங்கே நிற்கும், எந்த ஆபீசில் என்ன காகிதத்தோடு கேட்க வேண்டும், வண்டியில் என்னென்ன இருந்தது, சாவி யாரிடம். ஓட்டி வந்தவர் வேறு ஆள் என்றால் ஆர்சி விலாசத்துக்கும் ஒரு பிரதி போகட்டும். தன் பைக் பிடிபட்டதே ஏல அறிவிப்பைப் பார்த்துத் தெரிந்துகொண்டவர்களும் இருக்கிறார்கள்.

தாளுக்கு மாதிரி ஒன்று அரைப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன், கேட்டால் கொண்டுவந்து தருகிறேன். அடுத்த மழை பிடிப்பதற்குள் நாலு மாவட்டத்தில் ஒன்றிலாவது தொடங்குங்கள்.

இப்படிக்கு,
டெல்டாவிலிருந்து ஒரு வக்கீல் குமாஸ்தா